வீட்டு ஊடகக் கணினியில் வைஃபை அறுபடும்போது: படிப்படியாகப் பழுது கண்டறியும் முழுமையான வழிகாட்டி

தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒட்டி வைத்த சிறு கணினிப் பெட்டியில் படம் நின்று நின்று ஓடத் தொடங்கியதும், வீட்டில் எல்லோரும் ஒருமித்துச் சொல்வது "வைஃபை சரியில்லை" என்பதுதான். பல வேளைகளில் அது தவறான தீர்ப்பு. மின்சாரம் போதாமல் திணறும் கணினிப் பலகை, வெப்பத்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்ட செயலி, மாலை நேர நெரிசலில் சிக்கிய 4ஜி கோபுரம் ஆகிய மூன்றும் திரையில் காட்டுவது ஒரே சுழலும் வட்டத்தைத்தான். ஆகையால், அமைப்புகளுக்குள் கை வைப்பதற்கு முன்னர் பழுது எந்தத் துண்டில் இருக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதைச் செய்யாமல் ரவுட்டரின் அலைவரிசையை (சானலை) மாற்றுவதும், மென்பொருளை மீண்டும் நிறுவுவதும், கடைசியில் புதுப் பெட்டி வாங்குவதும் வீண் செலவு.

இங்கே எடுத்துக்காட்டாக வைத்திருப்பது ராஸ்பெரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினியும், அதில் ஓடும் லிப்ரெஎலெக் இயங்குதளமும், அதன் முகமாக அமைந்து படங்களை ஓட்டும் கோடி மென்பொருளுமாகும். ஆண்ட்ராய்டு பெட்டியோ சிறு மேசைக் கணினியோ வைத்திருப்போருக்கும் மின்சாரம், இடம், இரைச்சல், ரவுட்டர் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும். சூழல் திருகோணமலை: உப்புக் காற்று, சீமெந்துக் கல் சுவர், கோடையில் கொதிக்கும் தகரக் கூரை, அவ்வப்போது வந்துபோகும் மின் தடை, பல வீடுகளில் யன்னலோரம் வைத்த 4ஜி ரவுட்டர். இவை ஒவ்வொன்றும் பழுதின் போக்கை மாற்றும்.

ஒரு விதியை மட்டும் இறுதிவரை கடைப்பிடிக்கவும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதையும் விளைவையும் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். ஒரே இரவில் ஐந்தைந்து அமைப்புகளை மாற்றியவருக்கு, பழுது நீங்கினாலும் எதனால் நீங்கியது என்று தெரியாது. அது மறுபடி வரும்போது முதலிலிருந்தே தொடங்க நேரும்.

முதற்படி: பழுது எந்தத் துண்டில்?

படம் திரைக்கு வரும் வழியை நான்கு துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளலாம். பெட்டி தானே ஒரு துண்டு. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடைப்பட்ட வானலை இரண்டாவது. ரவுட்டரிலிருந்து இணையத்துக்குச் செல்லும் ஃபைபர் அல்லது 4ஜி இணைப்பு மூன்றாவது. மறுமுனையில் படத்தை வைத்திருக்கும் இடம் நான்காவது. அது யூடியூப் ஆகவும் இருக்கலாம், வீட்டு அறையொன்றில் உள்ள கணினியின் வன்தட்டாகவும் இருக்கலாம்.

முதலில், திணறும் அதே படத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, பெட்டியில் நேரடியாகச் செருகி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நின்று நின்று ஓடினால் வைஃபைக்கும் இதற்கும் தொடர்பில்லை. பலகையால் அந்தக் காணொளி வடிவத்தைப் பிரித்தெடுக்க முடியவில்லை, அல்லது பலகை சூடேறிவிட்டது. ராஸ்பெரி பையின் செயலி ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 3பி பிளஸ் பலகையோ 60 பாகையிலேயே சற்றுக் குறைத்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ், காற்றோட்டமில்லாத அலுமாரித் தட்டுக்குள் வைத்த பெட்டி இந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். கோடியின் அமைப்புகளில் உள்ள கணினித் தகவல் பக்கத்தில் வெப்பநிலையைப் பார்க்கலாம்.

பென் டிரைவில் படம் சீராக ஓடினால், அடுத்தது வயர்ச் சோதனை. பெட்டியை ரவுட்டருக்கு அருகே கொண்டுசெல்ல முடியாவிட்டால் நீண்ட நெட்வொர்க் வயரொன்றை இரவல் வாங்கித் தரையில் போட்டேனும் இதைச் செய்ய வேண்டும். இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். வயரில் இணைத்தபின் வீட்டுக் கணினியிலுள்ள படமும் இணையப் படமும் சீராக ஓடினால் குற்றவாளி வானலைத் துண்டுதான். வயரிலும் இணையப் படம் திணறி, வீட்டுக் கணினியிலுள்ள படம் மட்டும் சீராக ஓடினால், பழுது ரவுட்டருக்கு வெளியே உள்ளது. பெட்டியில் எதை மாற்றினாலும் பயனில்லை. 4ஜி இணைப்பு உள்ளவர்கள் இதே சோதனையைப் பின்னிரவிலும் ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. இரவு எட்டு மணிக்குத் திணறி, ஊர் அடங்கியபின் சீராக ஓடினால் அது கோபுரத்தின் நெரிசல்.

இரண்டாம் படி: மின்சாரம்

பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி யாராவது அழைத்தால் முதலில் நான் பார்ப்பது வானலைப் பகுதியை அன்று. அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். தொலைக்காட்சியின் யூஎஸ்பி துவாரத்திலிருந்தே பெட்டிக்கு மின் கொடுக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ஒரு பிளக் மிச்சம், தொலைக்காட்சியை நிறுத்தினால் பெட்டியும் நின்றுவிடும் என்ற வசதி வேறு. ஆனால் சாதாரண யூஎஸ்பி 2 துவாரம் தர வேண்டிய மின்னோட்டம் அரை அம்பியர் மட்டுமே. ராஸ்பெரி பை 3 க்கு 2.5 அம்பியரும், பை 4 க்கு 3 அம்பியரும், பை 5 க்கு 5 அம்பியரும் தரவல்ல மின்வழங்கியைப் பரிந்துரைக்கிறார்கள். மின் பற்றாக்குறையால் பலகை முற்றாக நின்றுவிட்டால் காரணம் உடனே புரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அது நிற்காமல் ஓடிக்கொண்டே செயலியின் வேகத்தைக் குறைக்கும், யூஎஸ்பி வன்தட்டைக் கைவிடும், வைஃபை இணைப்பையும் அவ்வப்போது நழுவ விடும்.

பலகைக்கு வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், திரையின் மேல் வலது மூலையில் சிறிய மின்னல் குறியொன்று தோன்றும். லிப்ரெஎலெக் இதனை எச்சரிக்கைச் செய்தியாகவும் காட்டும். வேறொரு கணினியிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக நுழையத் தெரிந்தவர்கள் 'விசிஜென்சிஎம்டி' என்னும் கருவியிடம் 'கெட் த்ராட்டில்ட்' நிலையைக் கேட்கலாம். விடை வெறும் பூச்சியமாக வந்தால் மின்சாரத்தில் குறையில்லை. 50000 என்று வந்தால், பெட்டி இயங்கத் தொடங்கியதிலிருந்து எப்போதோ மின்னழுத்தம் குறைந்து வேகமும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 50005 என்று வந்தால் அது இந்தக் கணத்திலும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

"எங்கட பக்கம் வோல்டேஜ் குறைவு, அதுதான்" என்று சொல்வோர் உண்டு. பெரும்பாலான மின்வழங்கிகள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்வன. சுவரிலிருந்து 230 க்குப் பதில் 190 வந்தாலும் அவை தரும் 5 வோல்ட் மாறாது. குறை பெரும்பாலும் மெலிந்த யூஎஸ்பி வயரில்தான் இருக்கும். தொலைபேசிக்காக வாங்கிய நீண்ட, மெல்லிய வயரின் வழியே 2 அம்பியர் ஓடும்போது அதிலேயே அரை வோல்ட் தொலைந்துபோகலாம். வயர் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட, அந்தந்தப் பலகைக்கென்றே செய்யப்பட்ட மின்வழங்கியை வாங்குவது இவ்விடயத்தில் செய்யக்கூடிய ஒரே நல்ல செலவு.

கடலோர வீடுகளில் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த யன்னலுடைய வீடுகளில், செம்பும் பித்தளையும் உள்ள இணைப்புகளில் பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்துவிடும். அந்தப் படலம் மின்னோட்டத்துக்கு எதிரான தடையைக் கூட்டி, நல்ல மின்வழங்கி இருந்தும் மின்னழுத்தத்தைக் குறைத்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிளக்கின் முனைகளையும் யூஎஸ்பி துவாரங்களையும் ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட்ட பிறகே மீண்டும் செருக வேண்டும். மெமரி கார்டின் தங்கநிறத் தொடுமுனைகளையும் அதே கையோடு துடைத்துவிடலாம்.

மூன்றாம் படி: பலகையால் எவ்வளவு முடியும்?

பழுது என்று நாம் நினைப்பது சில வேளை பலகையின் இயல்பான எல்லையாக இருக்கும். 2016 இல் வந்த ராஸ்பெரி பை 3பி, வைஃபை உள்ளமைந்த முதலாவது ராஸ்பெரி பை, அது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையில் மட்டுமே இயங்கும். பை சீரோ டபிள்யூவும் சீரோ 2 டபிள்யூவும் அப்படியே. 2018 இல் வந்த 3பி பிளஸ்ஸிலிருந்து, அதாவது 3பி பிளஸ், 3ஏ பிளஸ், பை 4, பை 5 ஆகியவற்றில், 5 ஜிகாஹெர்ட்ஸும் உண்டு. ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் பெட்டியின் பட்டியலில் தெரியவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரை வாசித்துவிடுங்கள்.

பை 3பி யின் வானலை இணைப்பு, வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், காகிதத்தில் விநாடிக்கு 72 மெகாபிட். கைக்குக் கிடைப்பது அதில் பாதி அளவே. பை 4 இல் 5 ஜிகாஹெர்ட்ஸில் காகிதக் கணக்கு 433 மெகாபிட் வரை போகும். இனி மறுபக்கத்தைப் பாருங்கள். இணையத்தில் பார்க்கும் 1080பி படத்துக்கு 5 முதல் 10 மெகாபிட் போதும். ப்ளூ-ரே தட்டிலிருந்து அப்படியே எடுத்த கோப்பு 40 ஐயும் தாண்டிப் பாயும். 4கே தட்டின் கோப்பு 100 ஐத் தாண்டும் இடங்களும் உண்டு. பை 3பி யில் வைஃபை வழியாக ப்ளூ-ரே கோப்பை ஓட்ட முயல்வோருக்கு இவ்வழிகாட்டி உதவாது. அவர்களுக்கு வேண்டியது வயர்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகையில் ஓ எழுத்தை அழுத்தினால், ஓடும் கோப்பின் தன்மையையும் அதைப் பிரித்தெடுக்கும் முறையையும் கோடி திரையில் காட்டும். கிடைக்கும் வேகத்தை அளக்க, லிப்ரெஎலெக்கின் துணைநிரல் களஞ்சியத்திலுள்ள 'நெட்வொர்க் டூல்ஸ்' தொகுப்பில் ஐபெர்ஃப் கருவி இருக்கிறது. அதை வீட்டு மடிக்கணினியிலும் நிறுவி, இரண்டுக்கும் இடையே அளந்தால் இணையத்தின் தொல்லையின்றி வானலையின் வேகம் மட்டும் தெரியும். மடிக்கணினி வயரில் இணைந்திருக்க வேண்டும். இல்லையேல் ஒரே வானலையை இரு முறை பயன்படுத்தி, பாதி வேகத்தைக் கண்டு ஏமாறுவோம். அளந்த வேகம் கோப்பின் வேகத்தைப்போல் இரு மடங்காவது இருந்தால் நிம்மதி.

நான்காம் படி: இடமும் சுவரும்

வானலைப் பழுது என்று உறுதியானபின் முதலில் அசைக்க வேண்டியது பெட்டியைத்தான். தொலைக்காட்சியின் பின்புறம் உலோகத் தகட்டால் ஆனது. அதன்மேல் பெட்டியை ஒட்டினால் ஒரு பக்கம் முழுவதும் அடைபடுகிறது. ராஸ்பெரி பையில் வெளியே நீட்டிய அன்டெனா கிடையாது; வானலைச் சில்லை மூடிய உலோகக் கவசத்தின் அருகே, பலகையின் விளிம்பிலேயே அன்டெனா பொறிக்கப்பட்டிருக்கிறது. வெப்பத்தைக் கடத்தும் என்று அலுமினியக் கூட்டுக்குள் பலகையை முற்றாக அடைத்தால், வெப்பம் வெளியேறும். அலையும் வெளியேற வழி தேடும். அரை மீற்றர் நீளமுள்ள எச்டிஎம்ஐ வயரை வாங்கி, பெட்டியைத் தொலைக்காட்சியின் ஓரத்துக்கோ மேலுக்கோ கொண்டுவந்தாலே பல வீடுகளில் பிரச்சினை அத்தோடு முடிந்துவிடும்.

அலையின் வலிமையை அளக்க ஆண்ட்ராய்டு தொலைபேசியில் வைஃபை பகுப்பாய்வுச் செயலி ஒன்றைப் போட்டு, தொலைபேசியைப் பெட்டி இருக்கும் அதே இடத்தில் பிடிக்க வேண்டும். கதிரையில் இருந்து பார்த்தால் போதாது. அது காட்டும் டிபிஎம் அளவு எப்போதும் எதிர்மறை எண். பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க வலிமை கூடும். படம் பார்ப்பதற்கு -67 அல்லது அதைவிடச் சிறந்த அளவு வேண்டும். -75 இல் இணைப்பு இருக்கும், படம் இருக்காது. லிப்ரெஎலெக்கின் இணைப்புகள் பட்டியலில் ஒவ்வொரு வலையமைப்புக்கும் எதிரே வலிமை எண் தெரியும். அதன் பின்னாலிருக்கும் கொன்மேன் நிரல் டிபிஎம் அளவோடு 120 ஐக் கூட்டியே அந்த எண்ணைத் தருகிறது. எனவே அங்கே 53 என்றால் -67. 45 என்றால் கவலைப்பட வேண்டிய இடம்.

எங்கள் வீடுகளில் அலையைத் தடுப்பவை எவை என்று அறிந்துகொண்டால் பாதை தெரியும். சீமெந்துக் கல் சுவர் ஒன்றை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை கடந்துவிடும். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை கடந்தாலும் மிகவும் மெலிந்துவிடும். கம்பி போட்ட கொங்கிரீட் தட்டு இரண்டுக்குமே கடினம். இரும்பு அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, தகரத்தால் அடைத்த பின் அறை, ஆளுயரக் கண்ணாடி ஆகியன ஏறத்தாழ முழுத் தடைகள். நீரும் அலையை உறிஞ்சும். ஹோலில் அழகுக்காக வைத்த மீன் தொட்டி, ரவுட்டருக்கும் தொலைக்காட்சிக்கும் நேர் நடுவில் இருந்தால், அது மீனுக்கு மட்டுமே நல்லது.

4ஜி ரவுட்டர் உள்ள வீடுகளில் ஒரு முரண் எழும். கோபுரத்தின் அலை நன்றாகக் கிடைக்க ரவுட்டர் யன்னலோரமோ மேல்மாடியிலோ இருக்க வேண்டும். தொலைக்காட்சியோ வீட்டின் நடுவில். உவர்மலைச் சரிவிலுள்ள வீடுகளில், கோபுரம் மலையின் மறுபக்கம் இருந்தால் ரவுட்டருக்குப் பொருந்தும் யன்னல் ஒன்றே ஒன்றுதான் என்றாகிவிடும். அந்நிலையில் ரவுட்டரை அதன் யன்னலிலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து ஹோலுக்கு நெட்வொர்க் வயர் இழுத்து அங்கே வைஃபை பரப்பும் இரண்டாவது கருவி (அணுகுமுனை) ஒன்றை வைப்பதே சரியான தீர்வு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரிப்பீட்டர், பிளக்கில் செருகினால் போதும் என்ற வசதிக்காக வாங்கப்படுகிறது. அது ஒரே அலைப்பட்டையில் கேட்டுத் திருப்பிச் சொல்வதால் வேகத்தில் ஏறத்தாழ பாதியைத் தின்றுவிடும். செய்தி வாசிக்கப் போதும். படம் பார்க்கப் போதாது.

ரவுட்டரில் நீட்டிய அன்டெனாக்கள் இருந்தால் அவற்றின் நுனியைத் தொலைக்காட்சியை நோக்கிக் குறிவைக்காதீர்கள். கோல் வடிவ அன்டெனா தன் பக்கவாட்டிலேயே அலையைப் பரப்பும். நுனித் திசையில் மிகக் குறைவு. ஒரே தளத்தில் உள்ள பெட்டிக்கு அவை நேர்நிமிர்ந்து நிற்பதே நல்லது.

ஐந்தாம் படி: அருகிலிருக்கும் இரைச்சல்

வலிமை -50 என்று அருமையாகக் காட்டியும் இணைப்பு அறுந்தால் இரைச்சலைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது பெட்டியிலேயே செருகப்பட்டிருக்கும். யூஎஸ்பி 3 இணைப்பு வழியே தரவு ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் அகன்ற இரைச்சல் எழுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012 இல் ஆவணப்படுத்தியது. பை 4 இன் நீலத் துவாரத்தில் வெளி வன்தட்டைச் செருகி, அதே பெட்டியில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையும் பயன்படுத்துவோர் இதில் அகப்படுவர். வன்தட்டைக் கழற்றிப் பாருங்கள். இணைப்பு உடனே சீரானால், வன்தட்டைக் கறுப்புத் துவாரத்துக்கு மாற்றலாம், நல்ல கவசமுள்ள குட்டை வயரைப் போடலாம், அல்லது 5 ஜிகாஹெர்ட்ஸுக்கே மாறிவிடலாம். மூன்றாவதே முழுத் தீர்வு.

எச்டிஎம்ஐ வயரும் இரைச்சல் தரும். பை 4 இல் கணினித் திரைக்குரிய 2560க்கு 1440 என்ற பிரிதிறனைத் தெரிவுசெய்தால் 2.4 ஜிகாஹெர்ட்ஸின் முதலாம் அலைவரிசை குலைகிறது என்பது பயனர்கள் கண்டறிந்த பழுது. பிரிதிறனை மாற்றினால் இணைப்பு திரும்பிவிடும். மலிவான வயரைக் கவசமுள்ளதாக மாற்றிப் பார்ப்பதும் பயன் தரும்.

புளூடூத்தும் வைஃபையும் இப்பலகைகளில் ஒரே சில்லில், ஒரே அன்டெனாவில் இருக்கின்றன. புளூடூத் காதணியில் ஒலி கேட்டுக்கொண்டே 2.4 ஜிகாஹெர்ட்ஸில் படம் பார்த்தால் இரண்டும் முறை வைத்துக் காற்றைப் பங்கிட வேண்டும். ஒலியும் விட்டுவிட்டு வரும், படமும் நிற்கும். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குவது. இரவுச் சாப்பாடு சூடாகும் நேரத்தில் மட்டும் படம் நின்றால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆறாம் படி: ரவுட்டரின் அமைப்புகள்

ரவுட்டரின் பக்கத்தை உலாவியில் திறக்கும் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.8.1, ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கும். உள்ளே சென்றதும் இருக்கும் அமைப்புகளைத் தொலைபேசியில் படமெடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மேற்படாத அலைவரிசைகள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அயல் வீடுகள் எவற்றைப் பயன்படுத்துகின்றன என்று பகுப்பாய்வுச் செயலியில் பார்த்து, இம்மூன்றில் நெரிசல் குறைந்ததை நிலையாகத் தெரிவுசெய்ய வேண்டும்; தானியங்கித் தெரிவில் விட வேண்டாம். வெற்றிடமாகத் தெரிகிறது என்று 3 அல்லது 8 ஐத் தெரிவுசெய்வது இரு பக்கத்து நெரிசலையும் சேர்த்து வாங்குவதாகும். அலைவரிசை அகலம் 20 மெகாஹெர்ட்ஸாகவே இருக்கட்டும்.

தானியங்கித் தெரிவில் இன்னொரு பொறி உண்டு. இலங்கையில் 12 ஆம் 13 ஆம் அலைவரிசைகளும் அனுமதிக்கப்பட்டவை. ஆனால் பெட்டியில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் அவை அதன் கண்ணுக்கே தெரியா. ரவுட்டர் ஒரு நாள் 13 க்குத் தாவியதும், தொலைபேசியில் தெரியும் வலையமைப்பு பெட்டியில் மாயமாகிவிடும். லிப்ரெஎலெக்கின் வலையமைப்பு அமைப்புகளில் வானலை ஒழுங்குமுறைக்குரிய நாடாக இலங்கையைத் தெரிவுசெய்யவும். ராஸ்பெரி பையின் சொந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர், நாட்டைக் குறிக்கும்வரை வைஃபையே பூட்டப்பட்டிருப்பதைக் காண்பார்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையுள்ள அலைவரிசைகளே பாதுகாப்பான தெரிவு. 52 முதல் 144 வரையுள்ளவை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் பகுதி. அங்கே ரவுட்டர் குறைந்தது 60 விநாடி செவிமடுத்த பின்னரே பேசத் தொடங்கலாம். ரேடார் துடிப்பு என்று சந்தேகித்தாலே அலைவரிசையை விட்டு உடனே விலக வேண்டும். இயற்கைத் துறைமுகமும், கடற்படைத் தளமும், சீனக்குடா விமானத் தளமும் அருகருகே உள்ள ஊரில் இந்தப் பகுதியைத் தெரிவுசெய்யாமல் விடுவதே புத்தி. காரணமின்றி ஓரிரு நிமிடம் 5 ஜிகாஹெர்ட்ஸ் மறைந்து மீண்டால் முதலில் அலைவரிசை எண்ணைப் பாருங்கள்.

இரு அலைப்பட்டைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பெட்டி எதில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சோதனைக் காலத்திலாவது இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைக்க வேண்டும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய பலகைகள் இணைய மறுக்கலாம். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றிப் பாருங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தும் 'இன்வாலிட் கீ' என்று பெட்டி அடம்பிடிப்பதற்கு இது ஒரு காரணம். மெலிந்த அலை மற்றொரு காரணம். அப்படி ஒருமுறை தோற்ற இணைப்பை அழித்துவிட்டு, மறுதொடக்கம் செய்தபின் புதிதாகக் கடவுச்சொல்லை இட வேண்டும்.

ஏழாம் படி: முகவரி, பெயர், கடிகாரம்

இணைந்திருப்பதாகக் காட்டியும் எதுவும் வரவில்லையென்றால், ரவுட்டர் பெட்டிக்கு வழங்கும் ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, பெட்டி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை மறுதொடக்கம் செய்வதும், இணைக்கக்கூடிய கருவிகளின் எண்ணிக்கை எல்லையைப் பார்ப்பதும் அடுத்த வேலை. முகவரி சரியாயின் ரவுட்டருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்புங்கள், பின்னர் இணையத்திலுள்ள 8.8.8.8 என்ற முகவரிக்கு, பின்னர் ஏதேனும் ஓர் இணையப் பெயருக்கு. முதலாவது தோற்றால் வானலை. இரண்டாவது தோற்றால் இணைய இணைப்பு. மூன்றாவது மட்டும் தோற்றால் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் பழுது.

கடிகாரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. பை 4 வரையான பலகைகளில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லை. மின் தடைக்குப் பின் பெட்டி பழைய நேரத்தோடு விழித்து, இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அதற்கு முன்னர் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தோன்றுவதால் துணைநிரல்கள் இணைய மறுக்கும். திரையில் நேரம் பிழையாக இருந்தால் வைஃபையைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் பொறுத்திருங்கள்.

எட்டாம் படி: மின் தடைக்குப் பின் மட்டும் வரும் பழுது

கரண்ட் வந்ததும் பெட்டி அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ஃபைபர் அல்லது 4ஜி ரவுட்டர் எழுந்து இணைய இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். பெட்டி எழுந்து பார்க்கையில் வலையமைப்பே இல்லை. கோடி தன் படநூலகம் இருக்கும் கணினியைத் தேடிக் காணாமல் வெறுமையாகத் திறக்கும். லிப்ரெஎலெக்கின் வலையமைப்பு அமைப்புகளில், கோடி தொடங்குமுன் வலையமைப்புக்காகக் காத்திருக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதை இயக்கி, காத்திருக்கும் நேரத்தையும் நீட்ட வேண்டும். ரவுட்டருக்கு மின்கலமுள்ள சிறு டிசி யூபிஎஸ் ஒன்றைப் பொருத்துவது இன்னும் நல்லது. குறுகிய தடைகளின்போது ரவுட்டர் அணையாமலே இருக்கும். அதன் வெளியீட்டு வோல்ட் ரவுட்டரின் மின்வழங்கியில் எழுதியிருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் இவ்வழிகாட்டியின் மற்றப் படிகள் தேவைப்படா.

ஒன்பதாம் படி: மின் சேமிப்பும் இடைச்சேமிப்பும்

ரவுட்டருக்கு அனுப்பும் பிங் சில மில்லி விநாடியில் திரும்ப வேண்டியது, அலை நன்றாக இருந்தும் நூறு வரை ஏறி இறங்கினால், வைஃபை சில்லின் மின் சேமிப்பு நிலையே காரணமாக இருக்கக்கூடும். எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து ஐடபிள்யூ கருவியால் 'பவர் சேவ்' நிலையை நிறுத்திப் பார்க்கலாம். பயன் தெரிந்தால், ஒவ்வொரு தொடக்கத்திலும் அதுவே நிகழும்படி தொடக்கக் கோப்பில் அக்கட்டளையைச் சேர்த்துவிட வேண்டும்.

கோடி 21 முதல், ஓடும் படத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கும் இடைச்சேமிப்பின் அளவை அமைப்புகளிலேயே கூட்டலாம். அது சில விநாடித் தடுமாற்றத்தை மறைக்கும். போதாத வேகத்தைப் போதுமானதாக்காது. மேலுள்ள படிகளைச் செய்யாமல் இதை மட்டும் கூட்டுவோர், படம் நிற்பதைப் பத்து நிமிடம் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டுக் கணினியிலிருந்து படம் எடுப்போர், முடிந்தால் கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி முறைக்குப் பதில் என்எஃப்எஸ் முறையைப் பயன்படுத்தலாம். சிறிய பலகைக்கு அது சுமை குறைந்தது.

இவ்வளவுக்கும் பிறகும் அறுந்தால்

வெளியில் செருகும் யூஎஸ்பி வைஃபை கருவி ஒரு வழி. வாங்குமுன் அதன் சில்லு எது, லிப்ரெஎலெக்கின் அடித்தளமான லினக்ஸ் கருவுக்குள்ளேயே அதற்கு இயக்கி (அதை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் லினக்ஸ் என்று அச்சிட்டிருப்பது போதாது. லிப்ரெஎலெக்கில் நாமாக இயக்கியைத் தொகுத்து நிறுவ வழியில்லை. கருவியைக் குட்டை நீட்டு வயரில் பொருத்திப் பலகையிலிருந்து தள்ளி வைக்கவும்.

ஆனால் வீடு நம்முடையதாக இருந்து, சுவரில் துளையிட வீட்டார் சம்மதித்தால், கேட் 5ஈ நெட்வொர்க் வயரே என் தெரிவு. ஒரே ஓட்டமாக 100 மீற்றர் வரை போகலாம். எங்கள் வளவுகளில் அதில் கால்வாசி கூட வேண்டியிராது. மின் வயர் செல்லும் அதே குழாய்க்குள் இதைச் செலுத்தக் கூடாது. இரண்டும் நெடுந்தூரம் அருகருகே செல்வதையும் தவிர்க்க வேண்டும். கூரைக்கு வெளியே செல்லும் பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறையுள்ள வயரை வாங்கி, இரு முனைகளிலும் ஒரே நிற வரிசையில் எட்டு இழைகளையும் பொருத்த வேண்டும். செம்பு பூசிய அலுமினிய வயர் விலை குறைவு. உப்புக் காற்றுள்ள ஊரில் அதன் முனைகள் சீக்கிரம் அரித்துவிடும் என்பதால் முழுச் செம்பையே கேட்டு வாங்குங்கள். இணைப்பு முனை எதுவும் வீட்டுக்கு வெளியே வராதபடி ஓட்டத்தைத் திட்டமிட்டு, வயர் சுவருக்குள் நுழையுமிடத்தில் வெளிப்பக்கம் சிறு தொங்கல் விட்டால், மாரி மழை நீர் வயரைப் பிடித்து உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும்.